பெயரின் மேல் ஒட்டிய காகிதம்

திண்டிவனம்
12-6-1944

அன்புள்ள மேரிக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. கார்டு கிருஷ்ணசாமி ஐயா பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, ஸ்டேஷனில் நின்றிருந்த எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். பறக்காவெட்டி மாதிரி ஒரு பெண் நிற்கும் என்று நீ சொல்லி அனுப்பினாயாம். இருக்கட்டும்.

இங்கே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நீ வாரா வாரம் உன் ஊரிலிருந்து தொடர்கதையில் இரண்டு தாளைக் கொண்டுவருவாய். நாம் அதை மடியில் வைத்துப் படிப்போம். அவையெல்லாம் சேர்ந்து இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அறுபத்திரண்டு வாரம். கார்டு ஐயாவின் கிழிந்த பச்சைக் கொடித் துணியை அட்டைக்குப் போட்டிருக்கிறாயே, அதை முகர்ந்து பார்த்தேன். கரிப்புகை வாசனை. ஒன்பதாம் அத்தியாயத்தில் யாரோ குழந்தைப்பால் சிந்தியிருக்கிறார்கள். இருபதில் வெற்றிலைக் கறை. முப்பத்தொன்று மட்டும் என் கையெழுத்து. அந்த வாரம் உன் அப்பாவுக்குப் பத்திரிகை கிடைக்காமல் நான் வாசக சாலையில் உட்கார்ந்து நகல் எடுத்தது நினைவிருக்கிறதா?

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருப்பதைப் பல தடவை படித்தேன். "இதைச் சேர்த்தவர் சவுரிராயன், வண்டி துடைப்பவர், விழுப்புரம் ஜங்ஷன். தைத்தவள் அவர் மகள் லூர்துமேரி. படித்தவர்கள் கீழே பெயர் எழுதவும்." நான்தான் முதலில் எழுதப்போகிறேன். காந்திமதி ரங்கூனுக்குக் கப்பல் ஏறும் இடத்துக்கு மறுபடி வந்துவிட்டேன். பதினைந்து நாளில் திருப்பி அனுப்புகிறேன். சத்தியம்.

உன்
தையல்நாயகி


விழுப்புரம்
20-6-1944

அன்புள்ள தையலு,

சத்தியமெல்லாம் வேண்டாம். பதினைந்து நாள் என்றால் நீ ஒரு மாதம் வைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ரயில்வே லைன் வீட்டுப் பெண்களுக்கு ஆடி முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். குழாயடியில் என்னைப் பார்த்தால் போதும், காந்திமதிக்கு அண்ணன் கிடைத்தானா என்று கேட்கிறார்கள். கிடைத்ததை மூன்று தடவை படித்துக் காட்டிவிட்டேன். நாலாவது தடவை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம் போலிருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவது நடக்காது. தம்பிகளை யார் பார்ப்பது?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எத்தனை பேர் படித்தாலும் கையெழுத்து வாங்காமல் விடாதே. விஷயம் என்னவென்றால், அப்பா இந்தப் பத்திரிகைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவரும்போது கூட வேலை செய்பவர்கள் அவரைக் கேலி செய்வார்கள். "சவுரி, குப்பையைக் கூட்றதுக்குத்தான் சம்பளம், வீட்டுக்குத் தூக்கிக்கினு போறதுக்கு இல்ல" என்பார்கள். அப்பா பாட்டுக்குப் பக்கம் கசங்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. அட்டையில் இருக்கும் பெண் படத்தைப் பார்த்து இந்தப் பத்திரிகைதான் என்று கண்டுபிடிப்பார்.

புத்தகம் உன் ஊருக்குப் போகிறது என்றதும், "நம்ப பேரு கூடவே போவுதா?" என்று கேட்டார். போகிறது என்றேன். அன்று முழுவதும் முகம் ஒரு தினுசாக இருந்தது. திரும்பி வந்ததும் கீழே இருக்கும் பெயர்களை நான் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டுமாம். அவர் விரல் விட்டு எண்ணப்போகிறாராம்.

உன்
மேரி


திண்டிவனம்
9-7-1944

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைத்தார்கள். அது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

நான் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்தார். வீரம்மாள் பெரியம்மா, என் அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவரைக் கேட்டுத்தான் நாள் பார்ப்பார்கள். பெரியம்மா பிரித்து இரண்டு பக்கம் படித்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். மல்லாட்டை உரிக்க வந்தவர் கடலையை மறந்துவிட்டார். மறுநாள் வந்து புத்தகத்தைக் கொடு என்றார். அதற்கும் மறுநாள்தான் கொடுத்தேன்.

இப்போது அது வீடு வீடாகப் போகிறது. யுத்தக் காகிதப் பஞ்சத்தில் பத்திரிகையே இளைத்துவிட்டது, பழைய இதழ் எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் செண்பகம் அக்கா மிளகாய் அரைத்த கையோடு படித்து, பக்கத்தில் விரல் பதித்துவிட்டாள். காந்திமதி அழும் இடம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எல்லோருக்கும் கண் எரிந்தது.

பதினோரு பெயர் சேர்ந்திருக்கிறது. உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

உன்
தையல்நாயகி


விழுப்புரம்
30-7-1944

அன்புள்ள தையலு,

பதினொன்று என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டு கையும் போதவில்லையே என்றார். மறுநாள் வேலைக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டு, "அதுல பெரிய வூட்டு அம்மாங்களும் இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். நான் பொய் சொல்லவில்லையே?

அடுத்த கடிதத்தில் சொல்கிறேன் என்றாயே, என்ன அது? மூன்று வாரமாக யோசிக்கிறேன். உனக்குக் கல்யாணம் பேசுகிறார்களா? அப்படி இருந்தால் புத்தகத்தை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் தாலி கட்டிக்கொள்.

ஆடி முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது. கார்டு ஐயா திங்கட்கிழமை தோறும் திண்டிவனம் வழியாக வருகிறார். அவரிடம் கொடு.

உன்
மேரி


திண்டிவனம்
6-8-1944

அன்புள்ள மேரிக்கு,

கல்யாணம் ஒன்றும் இல்லை. அட்டைத் தையல் கொஞ்சம் விட்டுவிட்டது. சரிசெய்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஆவணி பிறந்ததும் அனுப்பிவிடுவேன். நீ பொய் சொல்லவில்லை. பெரிய வீட்டுப் பெண்கள்தான் படித்திருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

தையல்நாயகி


விழுப்புரம்
22-8-1944

தையல்நாயகிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அப்பா சொன்னது பாதி, கார்டு ஐயா சொன்னது பாதி.

பதினேழாம் தேதி திண்டிவனம் பக்கமிருந்து வந்த வண்டி இங்கே நின்றது. பெட்டியைப் பெருக்க அப்பா உள்ளே ஏறினார். ஜன்னல் ஓரத்தில் ஒரு அம்மா பச்சை அட்டைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். விருத்தாசலத்துக்கு வண்டி மாற வேண்டியவர், இறங்காமல் படித்துக்கொண்டிருந்தாராம். அப்பாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கொடித் துணி தெரியாதா, தையல் தெரியாதா? ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்ததே அவர்தான். சந்தோஷத்தில் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "அம்மா, இது எங்க பொண்ணு தெச்ச புஸ்தகம்மா" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா கோபித்துக்கொண்டார். எங்கள் வீட்டுப் பெண்ணின் புத்தகத்தை உன் பெண்ணுடையது என்கிறாயா என்று கேட்டார். உள்ளே எழுதியிருப்பதுகூட அவள் கையெழுத்து என்று முப்பத்தொன்றாம் அத்தியாயத்தைக் காட்டினார். கூட்டம் கூடியது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். அப்பா அவரிடம், "கடேசிப் பக்கத்துல எம்பேரும் எம்பொண்ணு பேரும் இருக்கும், படிச்சிப் பாருங்க சார்" என்றார்.

பரிசோதகர் பிரித்து உரக்கப் படித்தார். "இந்தப் புத்தகம் தையல்நாயகியுடையது, திண்டிவனம்." அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். எங்கள் பெயர் இல்லை.

உன் பெயரைக் கேட்டதும் அப்பா வாயை மூடிக்கொண்டாராம்.  கார்டு ஐயா ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாசஞ்சர் அம்மாளிடம் வம்பு செய்தார், அவர் பொருளைத் தன்னுடையது என்று பொய் சொன்னார் என்று எழுதிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் அவரிடம், ஏன் அப்பா பேசாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். "அது ஒன் சிநேகிதப் பொண்ணாச்சே. என்னாத்துக்கு எழுதுச்சோ. நான் வாயத் தொறந்தா அதுக்கு வூட்ல அடி வுழும்" என்றார்.

எங்கள் பெயர் எங்கே போயிற்று?

லூர்துமேரி


திண்டிவனம்
25-8-1944

மேரி,

உங்கள் பெயர் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் நான் காகிதம் ஒட்டினேன்.

பெரியம்மா புத்தகத்தைக் கேட்டபோது மறுநாள் தருகிறேன் என்றேன் அல்லவா, அந்த ஒரு நாளில் செய்தேன். கடைசிப் பக்கத்தைப் பெரியம்மா பார்ப்பார் என்று தெரியும். வண்டி துடைப்பவர் என்றும் லூர்துமேரி என்றும் பார்த்தால் எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவப் போவார். என்னையும் அந்தச் சிநேகிதம் போதும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது, உன் கடிதங்கள்கூடப் பள்ளிக்கூட விலாசத்துக்குத்தானே வருகின்றன. நான் சொன்னதில்லை. நாலு வருஷமாகச் சொன்னதில்லை.

டிராயிங் நோட்டிலிருந்து ஒரு தாளை அளவாக வெட்டினேன். சோற்றுக் கஞ்சி தடவி ஒட்டினேன். ஓரம்கூடத் தெரியவில்லை. அவ்வளவு ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை. மேலே அந்த வரியை எழுதினேன். கஞ்சிதானே, எல்லோரும் படித்த பிறகு ஈரத்துணி வைத்து உரித்துவிடலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் தேசப்படத்துக்கு அப்படித்தான் செய்வோம். ஆனால் பெரியம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு அவர் மருமகள். பிறகு ஒவ்வொருவராக, மொத்தம் பத்தொன்பது பேர். ஈரம் பட்டால் அவர்கள் மை கரையும். கரையாமல் உரிக்க முடியாது. அவர்கள் பெயரைக் காப்பாற்றுவதா, உங்கள் பெயரை எடுப்பதா என்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு திங்கட்கிழமையும் விட்டேன். அட்டைத் தையல் விட்டது என்று எழுதியது பொய். நீ போட்ட தையல் ஒன்றுகூட விடவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. வண்டியில் படிக்கப் புத்தகத்தை எடுத்துப்போயிருந்த பெரியம்மா, விருத்தாசலத்தில் மகளின் வளைகாப்பு முடிந்து இருபத்தொன்றாம் தேதி திரும்பி வந்தார். கூடத்தில் எல்லோர் முன்பும் சொன்னார். "தொடப்பத்தக் கையில வெச்சிக்கினு வந்து நின்னு, எங்க பொண்ணு புஸ்தகம்ன்றான். கடேசிப் பக்கத்தப் படிச்சதும் மூஞ்சியப் பாக்கணுமே." எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா என் தலையைத் தடவி, நம்ம பெண் பேரு இருந்ததால் பிழைத்தது என்றார். நான் அங்கேதான் நின்றேன். தண்ணீர்ச் சொம்பு கையில் இருந்தது. அதை அவரிடம் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தியே எனக்கு எல்லாம் தெரியும், மேரி. நாலு நாள் தெரியும். எழுதாமல் இருந்தேன். உன் அப்பா எனக்காக வாயை மூடிக்கொண்டார் என்பது மட்டும் தெரியாது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

தையல்நாயகி


விழுப்புரம்
30-8-1944

தையல்நாயகிக்கு,

என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்கிறாய். ஒட்டும்போது கேட்டாயா?

நீ ஒட்டியதுகூட எனக்கு விளங்குகிறது. விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வரவா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, கவனித்தாயா? கேட்டால் உனக்குச் சங்கடம் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு நானும் உனக்கு ஒத்தாசை செய்திருக்கிறேன். ஆனால் என் பெயரோடு விட்டிருக்கலாம். அப்பா பெயர் அதில் இருந்தது. அவர் பெயர் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை, சம்பளச் சீட்டைத் தவிர.

செப்டம்பர் பதினான்காம் தேதி விசாரணை. அந்த அம்மா எழுதிக் கொடுத்தால் விடுவார்களாம். இல்லாவிட்டால் வேலை போகும் என்று மேஸ்திரி சொல்கிறார்.

வேறு சொல்வதற்கு இல்லை.

லூர்துமேரி


திண்டிவனம்
11-9-1944

மேரி,

இந்தக் கடிதமும் புத்தகமும் ரயில்வே ஆபீசுக்கு ஒரு கடிதமும் கார்டு ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே சொல்லிவிடவில்லை. மூன்று நாள் ஆனது. நாலாவது நாள் பெரியம்மா கூடத்தில் இருக்கும்போது, அம்மா அப்பா முன்பாக, புத்தகம் என்னுடையது இல்லை, அந்த வண்டி துடைப்பவர் சேர்த்தது, நான்தான் பெயரை மறைத்தேன் என்று சொன்னேன்.

பெரியம்மா முதலில் நம்பவில்லை. பிறகு, "அடிப்பாவி, சாமி ரூமுக்கே எடுத்துக்கினு போயி படிச்சனேடி" என்றார். எழுந்து போய்க் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்து மறுபடி திட்டினார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒட்டியது ஒட்டியபடியே இருந்திருக்கலாமே, ஏன் வாயைத் திறந்தாய் என்றாள். அடிக்கவில்லை. அப்பா மட்டும், "அவுரு பேரு என்னா?" என்று கேட்டார். சவுரிராயன் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

பெரியம்மாவிடம் ரயில்வேக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். கடைசித் தடவை, "அந்தாளு பொய்யும் சொல்லல, சண்டையும் போடல. பேசாமத்தான் நின்னான். அது எனக்கும் தெரியும். அதுக்காவ நான் கையெழுத்துப் போட்டுக்கினு இருக்கணுமா? போ, பேஜாரு பண்ணாத" என்றார். போடவில்லை.

அதனால் நானே எழுதினேன், என் முழுப் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் போட்டு. பெரியம்மா கடைசியாகச் சொன்னதையும் அப்படியே எழுதிவிட்டேன். பிறகு அந்தப் பக்கத்தை நனைத்து உரித்தேன். பத்தொன்பது பெயரும் நீலத் தண்ணீராக ஓடிவிட்டது. அடியில் உன் எழுத்து மங்கலாக இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுபடி கையெழுத்துப் போடுகிறீர்களா என்று வீடு வீடாகக் கேட்டேன். கதவைச் சாத்தியவர்கள் உண்டு. நான் படிக்கவே இல்லையே என்றவர்கள் உண்டு. செண்பகம் அக்கா மட்டும் புருஷன் வெளியே போயிருந்த சமயம் பார்த்து எழுதினாள். அவள் பெயரும் என் பெயரும் கீழே இருக்கின்றன. இரண்டு பேர்தான்.

இத்துடன் உன் அப்பாவுக்கு ஒரு தனிக் கடிதம் வைத்திருக்கிறேன். தயவுசெய்து அவருக்குப் படித்துக் காட்டு.

தையல்நாயகி


விழுப்புரம்
24-9-1944

தையலு,

அப்பாவை வேலையில் எடுத்துக்கொண்டார்கள். உன் கடிதத்தை விசாரணை செய்த துரை இரண்டு தடவை படித்தாராம். கார்டு ஐயா, கொடித் துணி நான் கொடுத்தது என்று சாட்சி சொன்னார். கடைசியில் துரை, பழைய பேப்பரைப் பொறுக்கியதில் தப்பில்லை, பாசஞ்சரோடு பேச்சுக் கொடுத்ததுதான் தப்பு என்றாராம். அதனால் கூட்ஸ் வண்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இனிமேல் பாசஞ்சர் பெட்டியில் ஏறக் கூடாது. நெல் மூட்டையும் கரியும் ஏற்றிய வண்டியில் யாரும் பத்திரிகையை விட்டுவிட்டுப் போவதில்லை. சித்திரையில் ஆரம்பித்த புதுத் தொடர்கதை பதினேழாம் அத்தியாயத்தோடு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. குழாயடியில் கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், கதாநாயகனுக்குக் காய்ச்சல், எழுந்ததும் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ தெரு முன்னால் சொன்னதைப் படித்து அழுதேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நீ எழுதியதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. படிக்கவும் மாட்டேன். அவருக்கு எழுத்து தெரியாது, தையலு. நீ செய்ததற்கு நீ கேட்கும் மன்னிப்பை என் வாயால் சொல்லி, அதை என் அப்பா என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டுமா? உன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

மேரி


திண்டிவனம்
3-10-1944

மேரி,

ஏழாம் தேதி சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அப்பா கூட வருகிறார். விழுப்புரத்தில் விதைக் கடையில் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் போன வாரம்தான் விதை வாங்கினார். உங்கள் வீட்டு வாசல்வரை வருவாரா, ஸ்டேஷனிலேயே நின்றுவிடுவாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. அவர் வராவிட்டாலும் நான் வருவேன்.

உங்கள் வீட்டில் கொடுத்தால் சாப்பிடுவேன் என்று அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் பள்ளிக்கூடம் உண்டா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

உன் அப்பாவிடம் என்ன சொல்வது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். நாலு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் எல்லாம் புத்தகத்தில் வருகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். கையில் ஒன்றும் இல்லாமல்தான் வருகிறேன்.

கூட்ஸ் ஷெட் பக்கம் மூன்றாவது வரிசை, வேப்பமரத்துக்கு எதிர் வீடு என்று கார்டு ஐயா சொன்னார். வாசலில் நின்று கூப்பிடுவேன். உள்ளே வா என்று யாரும் சொல்லாவிட்டால் வண்டி நேரம்வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போவேன். அடுத்த சனிக்கிழமையும் வருவேன்.

தையல்நாயகி